புதுப்பிப்பு: குளக்கட்டுத் திருத்தம் பற்றித் தகவல் கேட்கும் விண்ணப்பம்

இலங்கையின் வன்னியில் குளக்கட்டு வேலைக்கு ஒதுக்கிய பணக்கணக்கை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எப்படிக் கேட்பது என்று முன்னர் எழுதியிருந்தோம். அதில் ஒரு திருத்தம். விண்ணப்பத்துக்குத் தகவல் அலுவலர் (அந்த நிறுவனத்தில் தகவல் கொடுக்கப் பொறுப்பானவர்) முடிவு சொல்ல வேண்டிய பதினான்கு நாள் என்றது வேலை நாட்களை. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) எல்லாம் கழித்துத்தான் எண்ண வேண்டும்.

கூடுதலாகப் பிழைக்கிற இடம் கேள்விதான். "வேலை ஏன் அரைகுறையாக நிற்கிறது?" என்றால் "அப்படி ஆவணம் இல்லை" என்று இலகுவாகப் பதில் வரும். மதிப்பீட்டறிக்கை, ஒப்பந்தப் பிரதி, கொடுப்பனவுச் சிட்டைகள், அளவீட்டுப் பதிவு என ஆவணத்தின் பெயரைச் சொல்லி, குளத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. சிறுகுளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், பெரியது என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். முகவரி மாறினால் வாரக்கணக்கில் இழுபடும்.

ஆர்டிஐ 01 என்ற தகவல் விண்ணப்பப் படிவம் கட்டாயமில்லை, தமிழில் ஒரு கடிதமே போதும். எழுத முடியாத அம்மா, ஐயா நேரே போய் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதியெடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்காமல் திரும்ப வேண்டாம். மேன்முறையீட்டில் திகதியை நிறுவ அதுதான் கை கொடுக்கும்.

பதிலே வராவிட்டால் அதுவும் மேன்முறையீட்டுக்குக் காரணம்: 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைப் பார்ப்பவர்). அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு, பதிவுத் தபாலில்.