மறு: கூட்டல் விதியா, தொகை விதியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

துகள் இயற்பியலில் வரும் சம் ரூலுக்கு (sum rule) தமிழில் கூட்டல் விதி என்றே போட்டுவிடலாம் என்று வந்த யோசனை எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் நிகழ்தகவுப் பாடம்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பதோ வேறு: எலக்ட்ரானையோ மியூவானையோ புரோட்டான் மீது மோதவிட்டு, சிதறல் தரவிலிருந்து அமைப்புச் சார்பை (புரோட்டானின் உள்ளமைப்பைக் காட்டும் சார்பு, structure function) எடுத்து, அதை எக்ஸ் 0 முதல் 1 வரை தொகையிட்டு (புரோட்டானுக்குள் இருக்கும் துகளான குவார்க்குகளில் அடிபட்டது சுமக்கும் உந்தப் பங்குதான் எக்ஸ்), வருகிற எண் கோட்பாடு சொன்ன எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். தொகையிடல், தொகை நுண்கணிதம் எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன. ஆகவே தொகை விதி.

மீறப்படக்கூடிய ஒன்றை விதி என்பதா என்ற கேள்வி நியாயமானது. இயற்பியலாளர் காட்ஃப்ரீட் 1967-இல் தந்த விதியையே எடுங்கள். புரோட்டான், நியூட்ரான் அமைப்புச் சார்புகளின் வேறுபாட்டை எக்ஸால் வகுத்துத் தொகையிட்டால் 1/3 வரவேண்டும். செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வகத்தில் என்எம்சி (New Muon Collaboration) குழு மியூவான் சிதறலில் அளந்து 1991-இல் வெளியிட்டது 0.240, பிழை 0.016 மட்டுமே! அதனால் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் கோட்பாடான குவாண்டம் நிற இயக்கவியலுக்கு ஒன்றும் ஆகவில்லை; புரோட்டானுக்குள் எதிர்-அப், எதிர்-டவுன் கடல் குவார்க்குகள் (கணநேரம் தோன்றி மறையும் இணைகளில் வருபவை) சம அளவில் இருக்கும் என்ற எடுகோள்தான் போயிற்று. எவ்வளவு அழகான தோல்வி. இன்னொரு இயற்பியலாளர் பியோர்கனின் 1966 தொகை விதி அப்படியல்ல, அது நியூட்ரானின் பீட்டாச் சிதைவில் அளக்கிற மாறிலியோடு கட்டப்பட்டது, பொய்த்தால் கோட்பாடே ஆட்டம் காணும். செர்னிலும் அமெரிக்காவின் ஸ்லாக் முடுக்கி ஆய்வகத்திலும் அளந்தவை, திருத்தங்களைச் சேர்த்தபின், பிழை எல்லைக்குள் அதோடு பொருந்துகின்றன.

இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் படிக்கிற மாணவருக்கு இந்த வேறுபாடே தெரியாது. பொதுப்பெயர் தொகை விதி என்றிருக்கட்டும், காட்ஃப்ரீடுடையது போன்றவற்றை எடுகோள்வழித் தொகை விதி என்போம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தெளிவு.

சரி, இன்னொன்று. எக்ஸ் 0 வரை எந்தக் கருவியும் அளக்காது. என்எம்சி தரவே 0.004-இல்தான் தொடங்குகிறது, மீதியை நீட்டித்துக் கணிக்கிறார்கள். அதற்குப் புறச்செருகல் (extrapolation) என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம்.