மாத மருந்து எடுத்துவைத்துத் தரும் மெடிக்கல் எது? கடலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

வீட்டுப் பெரியவருக்கு மாதாமாதம் வாங்குவது: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்ஆர் (மெல்லக் கரையும் மாத்திரை) 500 காலை, இரவு, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40 காலையில், இரவில் கிளார்ஜின் இன்சுலின் 12 யூனிட். 30 நாளைக்கு மெட்ஃபார்மின் 60, டெல்மிசார்ட்டன் 30. இன்சுலின் கணக்கில்தான் பலரும் தவறுவது. 3 மில்லி பேனாவில் 300 யூனிட் இருக்கும். குத்தும் முன் தள்ளிப் பார்க்கும் 2 யூனிட்டையும் சேர்த்தால் நாளைக்கு 14. ஒரு பேனா 21 நாள்தான் ஓடும்.

மஞ்சக்குப்பம், செம்மண்டலம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் டாக்டர் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்துவைக்கிற கடை இருக்கிறதா? ஒரு வாரத்து மருந்து கையில் இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.

பேனாவை ஐஸ் பேக்கோடு தருவார்களா? பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்காக ஐஸோடு ஒட்டவைத்தும் தரக்கூடாது, உறைந்துபோனால் குப்பைக்குத்தான்.

மாற்று கம்பெனி மருந்து பரவாயில்லை, கேட்டுவிட்டுக் கொடுத்தால் சரி. ஆனால் டெல்மிசார்ட்டன் அட்டையில் பெயருக்குப் பின்னால் ஏஎம், எச் என்று வால் இருந்தால் இன்னொரு பிரஷர் மருந்தும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அவசரத்தில் கை மாறுவது அங்கேதான். அதேபோல, "மெட்ஃபார்மின் 1000 இருக்கு, பாதியாக்கிப் போடுங்க" என்கிற கடையும் வேண்டாம். எஸ்ஆர் மாத்திரையை உடைத்தால் மெல்லக் கரையும் தன்மை கெடலாம்.

முதல்வர் மருந்தகத்தில் இந்த அளவுகள் தவறாமல் கிடைக்கிறதா? மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்தவர்கள், உங்கள் வார்டுக்கு எப்போது வருகிறார்கள்? பில், அட்டை இரண்டிலும் பேட்ச் எண் ஒத்துவருகிற கடையாகச் சொன்னால் ரொம்ப உதவி.