டிரம் எண்ணப் போன இடத்தில் ஒரு பூஜ்ஜியம்

வியாசர்பாடி அக்கா:
டெங்கு ஆய்வுக்காக ஏரியாப் பிள்ளைகளை வைத்தே தெருத்தெருவாகக் கொசுப்புழு வரைபடம் போட்டோம். ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன், டார்ச் அடிப்பதில் கில்லாடி. புழு சாய்ந்து தொங்குகிறதா, தண்ணீர் மட்டத்தோடு படுத்திருக்கிறதா என்று பார்த்தே மலேரியாக் கொசுவைப் பிரித்துச் சொல்லிவிடுவான்.

நான்காம் நாள் அவன் வீடே வந்தது. வாசலில் நீல டிரம் மூன்று, லாரித் தண்ணீர். மூடியைத் தூக்கினான். நானும் எட்டிப் பார்த்தேன், நெளிந்தது, நிறைய. அவன் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னடா எழுதுற?" என்றார். ஃபோனில் பூஜ்ஜியம் போட்டான். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. வரைபடத்தில் அந்த வீடு இன்னும் புழு இல்லாத பச்சைப் புள்ளியாகத்தான் இருக்கிறது.

கொளத்தூர்வாசி:
சும்மா விட்டது தப்புங்க. நாங்கள் செய்தபோதும் ஒரு பெண் இப்படித்தான், தன் மாமா கடைப் பழைய டயரை விட்டுவிட்டாள். அதற்குத்தான் சொல்கிறேன், சொந்தத் தெருவைக் கொடுக்கவே கூடாது, மாற்றிக் கொடுங்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டைப் பெரியவர் யாராவது மறுபடி பார்க்கணும். அப்புறம் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்தே ஆகணும். மூடி இல்லையென்றால் வேட்டித் துணியை இழுத்துக் கட்டலாம்.

பெரும்பாக்கம் பிளாக்:
தெரு மாற்றிக் கொடுப்பதா? செய்து பார்த்தாச்சு. பக்கத்து பிளாக் பிள்ளை என்றதுமே கதவைச் சாத்திவிட்டார்கள். அதைவிட எனக்கு மறக்காதது வேறு. எங்களுடையது எட்டு மாடி. ஜிபிஎஸ்ஸுக்கு மாடி ஏது? வரைபடத்தில் எல்லா வீடும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. லிஃப்ட் ஓடாத நாளில் ஏழாவது மாடிக்குக் குடம் தூக்குகிற பெண் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல எங்க வீடு எதுக்கா?"

வியாசர்பாடி அக்கா:
@கொளத்தூர்வாசி, தேய்க்கத்தான் சொன்னோம். "டிரம்மைக் கவுத்துட்டா சாயங்காலம் உலை வைக்கத் தண்ணி நீ தருவியாம்மா?" என்று அந்தப் பையனின் அம்மா கேட்டார். அடுத்த லாரி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.