தோட்டத்துத் துணி: எப்படித் தொங்கவிடுவது? பிரித்து விற்கலாமா?

சிப்புட்_ஊசிநூல்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பழைய ரப்பர் தோட்டத்து ஜனங்கள் லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) காலிசெய்துவிட்டு வந்து குடியேறிய தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, எங்களுடையது. தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. சனிக்கிழமை மத்தியானங்களில் பெண்கள் நாங்கள் பொது மண்டபத்தில் கூடித் தைப்போம். அப்படி எங்கள் தோட்டத்து வாழ்க்கையைத் துணியில் படங்களாகத் தைத்த ஒரு பெரிய வேலை முடிந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு, இரண்டடி அகலம், மூன்றடி உயரம். மொத்தம் பதினொன்று, வரிசையாகப் பிடித்தால் 22 அடி. விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதில்) தொடங்கி, ரப்பர் பால் வெட்டு, பால் ஸ்டோர், பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகை, மாரியம்மன் திருவிழா, கடைசியில் லயம் இடிபட்டது வரைக்கும் அதில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டியதையும் ஒரு அக்கா தைத்திருக்கிறார். துணியெல்லாம் நாங்கள் உடுத்தியவைதான். கைலி, வாயில் சேலை, பள்ளிச் சீருடை, பால் கறை படிந்த ஒரு வேலைச் சட்டை.

பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் ஒரு வாரம் காட்சிக்கு வைக்கக் கேட்டிருக்கிறார்கள். மூலைக்கு ஒரு ஆணி அடித்தால் போதும் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. துணி கிழியாமல், நடுவில் தொய்யாமல் தொங்கவிட என்ன வழி?

இன்னொரு விஷயம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு நான்கு துண்டுகளை மட்டும் விலைக்குக் கேட்கிறார். நல்ல விலைதான். திருவிழாவும் ஆயாக் கொட்டகையும் கேட்டதில் உண்டு. மூத்தவர்கள் தைத்ததில் ஒன்றுகூட இல்லை. தையல் கோணலாக இருக்கிறதாம். மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிச் சரிசெய்தால் அவற்றையும் பார்க்கலாம் என்றார்.

அந்தக் கோணல் தையலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களில் மூத்த பாட்டிக்குக் கை நடுங்கும். அவர் தைத்தது முள்வேலி. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதோடு கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. பாட்டி அந்த வேலிக்குள்தான் வளர்ந்தார். கெரில்லாக்கள் கைக்குப் போய்விடும் என்று வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது, கேட்டில் சோதனை போடுவார்கள். அவருடைய அம்மா முந்தானையில் மறைத்துக் கொண்டுபோன பொட்டலத்தைப் பிடுங்கி அங்கேயே கொட்டினார்களாம். கறுப்பு நூலில் காம்புத் தையல் போட்டு, இடையிடையே குறுக்காக இரண்டிரண்டு தையல் கொடுத்து முள் வைத்திருக்கிறார். கேட்டுக்கு உள்பக்கம் தரையில் வெள்ளை நூலில் சின்னச் சின்ன முடிச்சுகள். அது கொட்டிய சோறு. ஒரு முடிச்சு பெரிது, ஒன்று சிறிது, சில இடத்தில் நூல் தளர்ந்து கிடக்கிறது. கம்பியும் நேராக இல்லை. இதை மெஷினில் ஓட்டி நேராக்கினால் மிச்சம் என்ன இருக்கும்?

அதே பாட்டி எவ்வளவு கறாரானவர் என்பதையும் சொல்கிறேன். ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை ஒருத்தி பால் மரம் தைத்தாள். மிக நேர்த்தியான தையல். பாட்டி பார்த்துவிட்டு "கோடு திரும்பிப் போகுது, பிரி" என்றார். மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டுக்கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. இப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். பிள்ளை மறுபக்கம் சாய்த்துவிட்டாள். மொத்தத்தையும் பிரித்துத் திரும்பத் தைத்தாள். மங்குக்குள் (பால் பிடிக்கும் கோப்பைக்குள்) பால் சொட்டுவதைப் பாட்டியே பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்.

போன தடவை வேறொரு நிகழ்ச்சியில் எங்கள் வேலையை முறுக்கு டின்களுக்குப் பக்கத்தில் மேசையில் மடித்து வைத்தார்கள். விரித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இந்தத் தடவை சுவரில், பார்ப்பவர் கண்ணுக்கு நேராக, செய்தவர்களின் பெயரோடு தொங்க வேண்டும். பிரித்து விற்பது எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்திலேயே விற்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கிள்ளான்_திரைச்சீலை

அக்கா, வணக்கம். நான் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் திரை மாட்டும் வேலை செய்கிறேன். தொங்கவிடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆணி வேண்டவே வேண்டாம். மூலையில் குத்தினால் பாரம் முழுவதும் அந்த இரண்டு இடத்தில் நிற்கும், ஒரு வாரத்தில் இழை விலகிவிடும். பின்பக்கம் மேல் ஓரத்தில் நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு உறை தைத்து அதற்குள் கம்பி செருகுங்கள். பிலாச்சு என்று கேட்டால் கடையில் தரும் காடாத் துணி போதும். உறையைத் துணியோடு ஒட்டி இறுக்கமாகத் தைக்காதீர்கள். கொஞ்சம் தொளதொளப்பாக விட்டால்தான் கம்பியின் உருண்டை முன்பக்கம் புடைத்துத் தெரியாது. கையால் தையுங்கள், ஊசி முன்பக்கம் வரக் கூடாது.

22 அடிக்கு ஒரே கம்பி போட்டால் நடுவில் கட்டாயம் தொய்யும். துண்டுக்குத் துண்டு உறையைத் தனியாக விட்டு, அந்த இடைவெளியில் நாலடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள். அலுமினியக் குழாய் நல்லது. மரச்சட்டம் என்றால் வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிடுங்கள், பச்சை மரம் துணியில் பழுப்பு ஏற்றும். துணியின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் வரட்டும். பாட்டிகள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

ராவாங்_மூத்தமருமகள்

தங்கச்சி, நான் விற்கலாம் என்று சொல்கிற பக்கம். கோபிக்காதே.

என் மாமியார் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். கடைசிக் காலத்தில் மருந்துச் செலவுக்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அவர் தைத்த தலையணை உறையை ஒருவர் காசு கொடுத்து வாங்கிய அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். "நான் செய்ததுக்கு வெலை இருக்கு" என்று ஊரெல்லாம் சொன்னார். கலை, ஞாபகம் என்று சொல்லித் துணியைப் பெட்டியில் பூட்டிவைத்தால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைக்கும்? யாருடைய துண்டோ அவரைக் கேள். அவர் விற்க விரும்பினால் தடுக்க நமக்கு உரிமை இல்லை.

மெஷின் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. பாட்டி போட்ட தையலில் யாரும் கை வைக்க வேண்டாம்.

பினாங்கு_பழந்துணி

வணக்கம் சகோதரி. பழைய சேலைகளைப் பாதுகாத்து வைப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. உங்கள் பதிவில் அந்த வேலைச் சட்டையைப் படித்ததும் பதறிப்போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பால் கறை என்பது காய்ந்த ரப்பர். நாளாக ஆக, வெக்கையில் சில இடம் பிசுபிசுக்கும், சில இடம் இறுகி வெடிக்கும். அதன்மேல் இஸ்திரி போடக் கூடாது. சுருட்டும்போது கறைக்கு மேல் கேக் தட்டில் விரிக்கும் வழவழப்பான பேக்கிங் தாளை வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த துணியோடு ஒட்டிக்கொண்டு பிரியாது. கறையின்மேல் ஊசி இறங்காமல் சிரமப்பட்டிருப்பீர்கள். இறங்கினாலும் அந்த ஓட்டை மூடாது. அதனால் கறையைச் சுற்றித் தைத்துப் பிடியுங்கள்.

மற்றத் துணிகளை மடித்து வைக்காதீர்கள், மடிப்பில்தான் முதலில் கிழியும். பிளாஸ்டிக் குழாயைத் துவைத்த பருத்தித் துணியால் சுற்றி, அதன்மேல் பூவேலை வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சணம் சட்டென்று பிடிக்கும். மழை நாளில் பூட்டிய அலமாரியைவிடக் காற்றாடும் அறையே மேல். பூச்சி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காமல் குளிர் விட்ட பிறகு திறங்கள். ரப்பர் கறைச் சட்டையை மட்டும் அதில் போடாதீர்கள். சிவப்புக் கைலி சாயம் விடுமா என்று ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் ஒற்றிப் பாருங்கள். மண்டபத்தில் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலாகத்தான் வெளிச்சம் விடுவார்கள். கோலாலம்பூர் பக்கம் போனால் டத்தாரான் மெர்டேக்காவுக்கு அருகில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1896இல் கட்டிய கட்டடம், 2010 முதல் அருங்காட்சியகம். எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று நேரில் பார்க்கலாம்.

பெயர் விஷயத்தில் நீங்கள் பிடித்திருக்கும் பிடியை விடாதீர்கள். நம் நாட்டுக் கலைஞர் யீ ஐ-லான் சபாவில் ஓமாடால் தீவுப் பெண்களோடு சேர்ந்து பாய் பின்னிக் காட்சிக்கு வைக்கிறார். பின்னியவர்களின் பெயரும் அந்தப் படைப்போடு போகிறது. சிலி நாட்டில் 1973க்குப் பிறகு ராணுவ ஆட்சியில் பிள்ளையையும் கணவனையும் பறிகொடுத்த பெண்கள் சாக்குத் துணியில் துண்டுத்துணி ஒட்டித் தைத்தார்கள். அவர்கள் பெயர் போட்டால் ஆபத்து, அதனால் போடவில்லை. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. முன்பக்கம் அட்டையில் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். பின்பக்கம் நாடாவில் பெயரைத் தைத்தே விடுங்கள். அட்டை தொலைந்துபோகும், தைத்த பெயர் துணியோடு இருக்கும்.

சிப்புட்_ஊசிநூல்

மூவருக்கும் நன்றி. சட்டையை இன்று காலையே பேக்கிங் தாள் வைத்துச் சுருட்டிவிட்டோம். கறை ஓரத்தில் ஏற்கெனவே லேசாக ஒட்டத் தொடங்கியிருந்தது.

ராவாங் அக்கா, கோபமெல்லாம் இல்லை. நீங்கள் எழுதியதை எங்கள் கூட்டத்தில் வாசித்தே காட்டினேன். திருவிழாத் துண்டைத் தைத்த அக்காவுக்குப் பணம் தேவைப்படுகிறது, அது உண்மை. அவர் துண்டு அவருக்குச் சொந்தம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருவிழாவும் ஆயாக் கொட்டகையும் மட்டும் ஒரு பெரிய கட்டடத்துச் சுவருக்குப் போனால், தோட்டத்தில் நாங்கள் கும்மியடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். முள்வேலியும் இடிந்த லயமும் பக்கத்தில் இருந்தால்தான் அந்தத் திருவிழாவுக்கே அர்த்தம். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து விட்டால் எங்கள் கதையை வாங்குபவர் தனக்குப் பிடித்த மாதிரி சொல்லிக்கொள்வார்.

பணத்துக்கு வேறு வழி பேசியிருக்கிறோம். அந்த அக்காவும் இன்னும் சிலரும் சின்னத் துண்டுகள் விற்பனைக்கென்றே தைக்கிறார்கள். அதில் வருவது தைத்தவருக்கு முழுசாகப் போகும். பெரிய துணிக்குப் பக்கத்தில் "விற்பனைக்கு அல்ல", "புக்கான் உந்தோக் டிஜுவால்" என்று இரண்டு மொழியிலும் எழுதி வைப்போம். கேட்டவரிடம் மொத்தமாக எடுத்து மொத்தமாகவே மாட்டுவதாக இருந்தால் பேசலாம் என்று சொல்லியாயிற்று. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு சிக்கல் பாக்கி. முள்வேலிப் பாட்டி தன் துண்டைக் காட்சி முடிந்ததும் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துவிட்டால் அப்புறம் பிரிக்க வெட்டத்தானே வேண்டும்?

கிள்ளான்_திரைச்சீலை

அக்கா, சேர்த்துத் தைக்கவே வேண்டாம். ஒவ்வொரு துண்டின் இரண்டு ஓரத்திலும் பின்பக்கம் நாடா தைத்து, பக்கத்துத் துண்டு நாடாவோடு முடிச்சுப் போடுங்கள். ஓரத்துக்கு நாலு முடிச்சு போதும். முன்பக்கமிருந்து பார்த்தால் ஒரே துணி. பாட்டி கேட்டால் அவிழ்த்துக் கொடுக்கலாம், அடுத்த காட்சிக்குப் பேத்தி கொண்டுவந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். உறையும் துண்டுக்குத் தனித்தனியாக இருப்பதால் கம்பியிலும் தொல்லை இல்லை.

ராவாங்_மூத்தமருமகள்

இது நல்ல யோசனை தம்பி. அவரவர் துண்டு அவரவர் கைக்குத் திரும்பும் என்றால் எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. தங்கச்சி, காட்சி என்றைக்கு என்று எழுது, நாங்கள் ரயிலில் வருகிறோம்.

சிப்புட்_ஊசிநூல்

வாருங்கள் அக்கா, தேதி முடிவானதும் இங்கேயே எழுதுகிறேன். தம்பி சொன்னபடியே நாடா வைக்கிறோம். செவ்வாய்க்கிழமை ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் பிலாச்சு வாங்கப் போகிறேன். நாடா என்ன அகலத்தில் வாங்கட்டும்?

கிள்ளான்_திரைச்சீலை

முக்கால் அங்குலம். பருத்தி நாடாவாகப் பார்த்து வாங்குங்கள், நைலான் முடிச்சு நழுவும். பிலாச்சையும் நாடாவையும் ஒரு தடவை அலசிக் காயவைத்து, சுருங்கிய பிறகு வெட்டுங்கள்.