கமாண்டோவின் எஞ்சின் ரப்பர்கள்: போல்ட்டை இறுக்கியும் பின்பக்கம் ஆடுகிறது

கேள்வி: பழைய இரும்பு (லெஸ்டர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1974ஆம் ஆண்டில் வெளிவந்த நார்ட்டன் கமாண்டோ 850 மோட்டார் சைக்கிள் ஒன்று மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. நிறுத்தி வைத்து ஐடிலில் ஓடவிட்டால் முன்சக்கரம் துள்ளுவது இந்த வண்டியின் பிறவிக் குணம் என்பதை அறிந்துதான் வாங்கினேன். 2500 ஆர்பிஎம் தாண்டியதும் அதிர்வு முழுவதும் அடங்கிவிடும் என்பதே இதன் பெருமை. ஆனால் இந்தக் கோடையிலிருந்து 3500 வரை கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் கலங்கிய நிழலாகத்தான் தெரிகிறது. அதைவிடக் கவலை தருவது, மார்க்கெட் ஹார்பரோ நோக்கிச் செல்லும் ஏ6 சாலையின் நீண்ட வளைவுகளில் மணிக்கு 60 மைல் வேகத்தில் பின்சக்கரம் தன் விருப்பத்துக்கு வண்டியைத் திருப்புவது போன்ற ஓர் ஆட்டம். எக்ஸாஸ்ட் குழாயை எஞ்சினோடு பிடிக்கும் நட்டும் அடிக்கடி தளர்ந்துவிடுகிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். எஞ்சினைத் தாங்கும் முன், பின் போல்ட்டுகள் இரண்டையும் நன்றாக இறுக்கிவிட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஆட்டத்தில் மாற்றம் எதுவும் இல்லை. ரப்பர்கள் அனைத்தையும் மாற்ற வேண்டுமா, அல்லது சரிசெய்ய எளிதான வெர்னியர் வகைத் தாங்கிகளையே வாங்கிப் பொருத்திவிடலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: அரை அங்குல ஸ்பானர்

வணக்கம் நண்பரே. போல்ட்டை இறுக்கிப் பயனில்லாமல் போனதில் வியப்பில்லை. அந்த போல்ட் ரப்பர்களின் நடுவே செல்லும் உள்குழாயையும் அதன் இரு முனைகளிலும் உள்ள துண்டுகளையும் சேர்த்து நெரிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பக்கவாட்டு இடைவெளி, ரப்பர்களைச் சுற்றியிருக்கும் வெளிக்குழாயின் முனைக்கும் அதன் மூடிக்கும் நடுவே செருகப்பட்ட மெல்லிய ஷிம் தகடுகளால் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே போல்ட்டை எத்தனை முறை இறுக்கினாலும் அந்த இடைவெளி ஒரு மயிரிழைகூடக் குறையாது.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கமாண்டோவின் அமைப்பே காரணம். 1967இல் இந்த வண்டியை அறிமுகப்படுத்தியபோது, எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், அதோடு பின்சக்கரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகக் கட்டி, அந்தத் தொகுதியை முன்னும் பின்னும் ரப்பர் வளையங்கள் வழியாகவும், சிலிண்டர் ஹெட்டின் மேலே ஒரு சிறு தாங்கி வழியாகவும் ஃபிரேமோடு இணைத்தார்கள். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் எஞ்சின் என்பதால் மேலும் கீழுமான குலுக்கலை ரப்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பக்கவாட்டில் நகர விடக்கூடாது. செயினும் அந்தத் தொகுதிக்குள்ளேயே இருப்பதால் ரப்பர் தேய்ந்தாலும் செயினின் இழுவை கெடாது, அது நல்லது. பின்சக்கரமும் எஞ்சினோடு சேர்ந்து பக்கவாட்டில் அசைந்து வண்டியைத் திருப்பத் தொடங்கிவிடும் என்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை. ஏ6 வளைவில் நீங்கள் உணர்ந்தது பெரும்பாலும் இதுவே.

தொழிற்சாலை சொன்ன அளவு 0.010 அங்குலம், அதாவது சுமார் 0.25 மில்லிமீட்டர். தூசி தடுக்கும் ரப்பர் உறையை ஒதுக்கிவிட்டு, ஒருவரைப் பின்சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, இடைவெளி முழுவதும் ஒரே பக்கம் சேர்ந்த பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளை) நுழைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பகிர்ந்து கிடக்கும் நிலையில் அளந்தால் பாதியைத்தான் காண்பீர்கள். நானே முதல் முறை அப்படி ஏமாந்திருக்கிறேன்.

மறுமொழி: இரட்டைக் கார்பரேட்டர்

மேலே நண்பர் சொன்னதோடு ஓரளவே உடன்படுகிறேன். இடைவெளி, ஆட்டத்துக்குக் காரணம். ஆனால் 3500 வரை நீளும் அதிர்வுக்கு அது காரணமாக முடியாது. அதிர்வு மேலே ஏறுகிறது என்றால் ரப்பர் வயதாகிக் கெட்டிப்பட்டுவிட்டது, அல்லது எண்ணெய் பட்டு ஊறித் தொய்ந்து எஞ்சின் கீழே அமர்ந்துவிட்டது என்று பொருள். முன்பக்கத் தாங்கியைப் பக்கத்திலிருந்து பாருங்கள். போல்ட், வெளிக்குழாயின் நட்ட நடுவில் தெரிய வேண்டும். அதற்கு மேலே நெருங்கியும் கீழே அகன்றும் தெரிந்தால் ரப்பர் படுத்துவிட்டது. அந்த நிலையில் ஷிம் போடுவது வீண் வேலை.

நான் சென்னையில் புல்லட்டோடு வளர்ந்தவன். புல்லட்டின் எஞ்சின் இரும்புத் தகடுகளால் ஃபிரேமோடு நேராகப் பூட்டப்பட்டது, அங்கே ரப்பர் என்ற பேச்சே இல்லை. அதிர்ந்தால் போல்ட்டை இறுக்கு என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே மருத்துவம். உங்கள் பட்டறைக்காரரும் அதே பழக்கத்தில்தான் செய்திருப்பார்.

மேலே ஹெட்டைப் பிடிக்கும் தாங்கியின் சிறு ரப்பர்களையும் மறக்க வேண்டாம். அவை கிழிந்து கிடப்பதைப் பெட்ரோல் டாங்கைக் கழற்றினால்தான் பார்க்க முடியும் என்பதால் பலர் பார்ப்பதே இல்லை. எக்ஸாஸ்ட் நட்டு தளர்வதற்கு, சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் உடைந்து குழாய் இழுபடுவதும் காரணமாக இருக்கலாம்.

அளவைப் பொறுத்தவரை நான் 0.006 அங்குலத்தில் வைத்திருக்கிறேன். அதிர்வு சற்றுக் கூடும், வளைவில் வண்டி தண்டவாளத்தில் செல்வதுபோல் செல்லும். 1975இன் மார்க் 3 வண்டியில் வந்த வெர்னியர் அமைப்பு இந்த வேலையைக் கழற்றாமல் செய்ய உதவுகிறது, பணம் இருந்தால் வாங்குங்கள். ஆனால் அது ஷிம்முக்கு மாற்றே தவிர நல்ல ரப்பருக்கு மாற்று அல்ல. புது ரப்பரைக் குழாய்க்குள் தள்ளுவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். சாதாரணக் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவலாம்.

மறுமொழி: மழைக்காலப் பயணி

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். ரப்பருக்குப் பணம் செலவழிக்கும் முன் ஸ்விங் ஆர்மின் அச்சைப் பாருங்கள். கமாண்டோவில் அதன் புஷ்களுக்கு (அச்சைச் சுற்றியிருக்கும் உலோக வளையங்களுக்கு) எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது. பழைய உரிமையாளர் கிரீஸ் துப்பாக்கியைப் பயன்படுத்தியிருந்தால் அச்சு உலர்ந்து, தன் குழாய்க்குள்ளேயே தேய்ந்திருக்கும். அந்த ஆட்டமும் இதே மாதிரிதான் தெரியும்.

மறுமொழி: பழைய இரும்பு (லெஸ்டர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மகனைப் பின்சக்கரத்தைத் தள்ளிப் பிடிக்க வைத்து அளந்தேன். பின்பக்கம் 0.014, முன்பக்கம் 0.022 அங்குலம். ஸ்விங் ஆர்மில் அசைவில்லை. முன் தாங்கியில் நீங்கள் சொன்னதுபோலவே போல்ட் குழாயின் நடுவில் இல்லை. மேலே ஃபீலர் கேஜின் தடித்த தகடு நுழைய மறுத்த இடத்தில், கீழே என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. டாங்கைக் கழற்றியபோது ஹெட் தாங்கியின் இரண்டு ரப்பர்களில் ஒன்று இரு துண்டாகக் கிடந்தது.

எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு முன் தாங்கியை வெளியே எடுத்துவிட்டேன். ரப்பர்கள் கரி போல உதிர்ந்தன. முன்பக்கத்துக்கும் ஹெட்டுக்கும் புதிய ரப்பர்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன், முன்பக்கத்தை 0.008இல் வைக்கப் போகிறேன். பின் தாங்கியைப் பிரிப்பது பெரிய வேலை என்பதால், கியர்பாக்ஸை எப்படியும் இறக்கவிருக்கும் குளிர்காலம் வரை அதற்கு ஷிம் மட்டும் சேர்த்து ஓட்டலாமா என்று யோசிக்கிறேன்.

மறுமொழி: இரட்டைக் கார்பரேட்டர்

தாராளமாக ஓட்டலாம். முன் தாங்கியைப் பொருத்தும்போது மூடிகளின் உட்புறத் துருவைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். துருவின் மீது ஷிம் அமர்ந்தால், நூறு மைலில் உங்கள் 0.008 மறுபடியும் 0.015 ஆகிவிடும்.