தாத்தா டார்ச் மூடி

வாட்ஸ்அப் குழு: அய்யனார் துணை

நான்: அப்பத்தா டார்ச்சுல அடிமூடி நிக்கமாட்டேங்குது. திருகத் திருக வழுக்குது. நேத்து ராத்திரி கொல்லையில பேட்டரி விழுந்து இருட்டுல துழாவிக்கிட்டு நின்னுச்சு. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போக நாலு நாள்தான் இருக்கு

சின்னத்தை: அய்யோ விழுந்துருச்சா

நான்: பேட்டரிதான் அத்தை. அப்பத்தா நல்லாருக்கு

கோவை அண்ணன்: புதுசு வாங்கிக் குடு

நான்: தாத்தா டார்ச்சுண்ணே. வேற எதையும் தொடாது

பெரியத்தை: அப்பா டார்ச்சா? காணோம்னுல்ல சொன்னீங்க

அம்மா: யாரு மதினி சொன்னது?

மதுரை சித்தப்பா: மூடியக் கழத்தி, பழைய பிரஷ்ஷால மரைய ரெண்டு பக்கமும் தேய். வெள்ளையாப் பூத்திருந்தா பேட்டரி கசிஞ்சிருக்கு, வெறுங்கையால தொடாத. அல்கலைன் பேட்டரின்னா பஞ்சுல வினிகர், சாதா பேட்டரின்னா ஆப்பசோடாத் தண்ணி. துடைச்சுக் காய வை. ரப்பர் வளையம் அறுந்திருக்கான்னும் பாரு. மரை தேஞ்சிருந்தா, குழாய்க்குச் சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப்ப டார்ச் உடம்புப் பக்க மரையில மூணு சுத்து சுத்து. மூடி முடுக்குற திசையிலயே சுத்தணும், எதிர்ப்பக்கம் சுத்துனா டேப் சுருண்டுக்கும். விளிம்ப மட்டும் மூடிராத. ஸ்பிரிங்குலருந்து மூடி வழியாத்தான் உடம்புக்குக் கரண்ட் வருது, டேப்புல கரண்ட் பாயாது

கோவை அண்ணன்: ஒரு மூடிக்கு இவ்வளவா சித்தப்பா

மதுரை சித்தப்பா: அப்பல்லாம் மூணு பேஸ் கரண்ட் ராத்திரிதான் வரும்டா. அத வச்சுக்கிட்டுத்தான் அப்பா மோட்டார் போடப் போவாரு. வரப்புல பாம்பு கெடக்கும்

சின்னத்தை: ஆமா. டார்ச்ச ரெண்டு தடவ அடிச்சாருன்னா வீட்டுக்கு வர்றாருன்னு அர்த்தம். ஆத்தா உலை வைக்கும்

பெரியத்தை: சாமிக்கு வெட்டுற கிடாய்க்கு இந்த வருசம் யாரு பணம்? போன வருசம் நான் போட்டதே இன்னும் வரல

சின்னத்தை: 🙏

கோவை அண்ணன்: வேன் எத்தன மணிக்கு

நான்: சித்தப்பா பூப்பு இல்ல. மூணு சுத்து சுத்திட்டேன். மூடி நல்லா இறுகிருச்சு, ஆனா எரியல

மதுரை சித்தப்பா: விளிம்பப் பாரு

நான்: ஒரு நூல் அகலம் டேப் உள்ள மடங்கி ஒட்டியிருக்கு. பிளேடால வழிச்சு எடுக்குறேன்

நான்: எரியுது! குலுக்கியும் பாத்துட்டேன், அணையல

அம்மா: அத்தை வாங்கித் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாங்க. சிரிப்பப் பாக்கணுமே

பெரியத்தை: வர்றப்ப நானும் அத ஒருதரம் கையில வாங்கிப் பாக்கணும்

அம்மா: வாங்க மதினி

கோவை அண்ணன்: வேன் யாராச்சும் சொல்லிட்டீங்களா

மதுரை சித்தப்பா: கேட்டுச் சொல்றேன். கிடா விசயம் போன்ல பேசுவோம்