அலோன்சோ வரமாட்டாராம்

வெள்ளி, 29 மார்ச் 2024

தம்பி: போச்சு. நம் லிவர்பூலுக்கு மேனேஜராக வருவார் என்று நினைத்த அலோன்சோ, ஜெர்மனியில் லெவர்குசன் கிளப்பிலேயே இருக்கப்போகிறாராம். பிரஸ்மீட்டில் அவரே சொல்லிவிட்டார் 😭

அக்கா: 😂😂😂

தம்பி: அக்கா, நீ பேசாதே.

அக்கா: நான் எங்கே பேசினேன்? சிரித்தேன்.

நான்: என்ன காரணமாம்?

தம்பி: அங்கே வேலை இன்னும் முடியவில்லையாம். ஜனவரி 26 அன்று நம் மேனேஜர் கிளாப் போகிறேன் என்றதிலிருந்து, அடுத்தது இவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சித்தி: யார் வரவில்லை? யாருக்காவது உடம்பு சரியில்லையா?

நான்: ஃபுட்பால் சித்தி. லிவர்பூல் மேனேஜர் இந்த சீசனோடு கிளம்புகிறார். புது ஆள் தேடுகிறார்கள்.

சித்தி: தொப்பி போட்டுக்கொண்டு வாய் நிறையச் சிரிப்பாரே, அவரா? பாவம், ஏன் அனுப்புகிறார்கள்?

பெரிய மாமா: யாரும் அனுப்பவில்லைம்மா. 2015 அக்டோபரில் வந்தவர், தெம்பு தீர்ந்துகொண்டு வருகிறது என்று தானே சொல்லிவிட்டுப் போகிறார்.

தம்பி: மாமா, உங்களுக்கு வருத்தமே இல்லையா? இஸ்தான்புல் ஃபைனலில் அலோன்சோ நமக்காக ஆடியது மறந்துவிட்டதா?

பெரிய மாமா: 2005 ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் மறக்குமா? பெனால்ட்டியை மிலன் கோல்கீப்பர் டிடா தட்டிவிட்டார். எகிறி வந்த பந்தை ஓடிப்போய் மேல்வலையில் ஏற்றினார் அலோன்சோ. 3-3. ஆனால் அந்த ஒரு கோலுக்காக மேனேஜர் நாற்காலியைத் தூக்கிக் கொடுக்க முடியுமாடா?

தம்பி: கோலுக்காக இல்லை மாமா. 2022 அக்டோபரில் அவர் பொறுப்பேற்றபோது லெவர்குசன் கடைசிக்கு முந்தைய இடம். இப்போது ஜெர்மன் லீக்கில் பயர்னை விட 10 புள்ளி முன்னால். இந்த சீசனில் ஒரு தோல்விகூட இல்லை.

பெரிய மாமா: ஆட்டம் அருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் முறையில் பின்னால் மூன்று டிஃபெண்டர், பக்கவாட்டில் அங்கே இருக்கும் கிரிமால்டோ, ஃப்ரிம்பாங் மாதிரி ஆட்கள் ஓட வேண்டும். நம் அணி முழுக்க 4-3-3-க்காக, அதாவது பின்னால் நான்கு பேர் நிற்கும் முறைக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கியது. போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப் மேனேஜர் அமோரிம் வந்தாலும் இதே தலைவலி.

தம்பி: அப்போது பிரைட்டன் மேனேஜர் டி செர்பி? ஞாயிறு அவர் அணியோடு நம் மைதானம் ஆன்ஃபீல்டுக்கே வருகிறார்.

அக்கா: அப்படியே பிடித்துக் கட்டிப்போட்டுவிடுங்கள்.

பெரிய மாமா: எதிரணி நெருங்கி வரட்டும் என்று பந்தைக் காலடியில் நிறுத்தி வைத்திருப்பார்கள் அவர் ஆட்கள். நெஞ்சு வலிக்கிறது எனக்கு.

நான்: பின்னே யார்தான் வேண்டும் உங்களுக்கு?

பெரிய மாமா: கிளாப் மாதிரி ஒருவர் வேண்டாம். அவ்வளவுதான் என் ஆசை. நம் ரசிகர்கள் இருக்கும் கோப் ஸ்டாண்டு முன்னால் முஷ்டியை வீசுவதெல்லாம் அவரோடு போகட்டும், வேறு யார் செய்தாலும் வேஷமாகத் தெரியும். 1974-ல் நம் மேனேஜர் ஷாங்க்லி திடீரென்று விலகினார். கிளப் வெளியே தேடாமல், உதவியாளராக இருந்த பாப் பெய்ஸ்லியை உட்கார வைத்தது. அவருக்கோ இஷ்டமே இல்லை, பேச்சும் வராது. போதாததற்கு ஷாங்க்லி பயிற்சி மைதானத்துக்கு வந்து நிற்பார், பையன்கள் அவரையே ‘பாஸ்’ என்பார்களாம்! முதல் சீசனில் லீக்கில் இரண்டாம் இடம். ஆனால் 1983-ல் போகும்போது கணக்கு: 6 லீக், 3 ஐரோப்பியக் கோப்பை.

அக்கா: மாமா, எங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த மொயஸும் அமைதியானவர்தான். 2013-ல் விலகிப்போன மேனேஜர் ஃபெர்குசனே கைகாட்டினார், ஆறு வருட ஒப்பந்தம் போட்டார்கள். பத்து மாதம்கூடத் தாங்கவில்லை.

பெரிய மாமா: அங்கே ஃபெர்குசன் மட்டுமா போனார்? நிர்வாகி டேவிட் கில்லும் போனார். இருந்த பயிற்சிக் குழுவையும் மொயஸ் மாற்றிவிட்டார். எல்லாம் ஒரே கோடையில்.

தம்பி: நம்மிடமும் கிளாப்போடு உதவியாளர்கள் லைண்டர்ஸ், கிராவிட்ஸ் எல்லாரும் கிளம்புகிறார்களே மாமா.

பெரிய மாமா: அதுதான்டா எனக்கும் உறுத்துகிறது. ஒரே ஆறுதல், முன்பு ஆட்களை வாங்குவதைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட்ஸ் திரும்பி வந்திருக்கிறார். சாலா, வான் டைக், அலிசன் எல்லாம் அவர் இருந்தபோது வந்தவர்கள். பேருக்கு மயங்குகிற ஆள் இல்லை. நாம் கேள்விப்படாத ஒருவரைக் கூட்டி வந்தாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன்.

நான்: எனக்கு ஒன்று போதும். வருகிறவர் சின்னப் பையன்களை பெஞ்சில் உட்கார வைத்துவிடக் கூடாது. லீக் கப் ஃபைனலில் கூடுதல் நேரம் வரை இழுத்து, எதிரே செல்சி. நம் பக்கம் டான்ஸ், மெக்கானல், கிளார்க் என்று பையன்கள். பேர் தெரியாமல் ஜெர்சியைப் பார்த்துத் தேடினேன். 118-வது நிமிடம் வான் டைக் தலையால் முட்டினாரே 🔥

அக்கா: எஃப்.ஏ. கப்பில் எங்களிடம் 4-3 தோற்றது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வாரம்கூட ஆகவில்லை 😌

தம்பி: இவளை குரூப்பிலிருந்து எடுங்கள் மாமா.

பெரிய மாமா: எஃப்.ஏ. கப் அவளுக்கு, லீக் நமக்கு. இன்னும் ஆர்சனலோடு சமமாகத்தான் நிற்கிறோம், விடு. யார் வந்தாலும் முதல் வேலை வேறு. சாலா, வான் டைக், ட்ரென்ட் மூன்று பேர் ஒப்பந்தமும் அடுத்த வருடத்தோடு முடிகிறது. அதை விட்டுவிட்டு அலோன்சோ, அலோன்சோ என்று அழுகிறாய்.

சித்தி: அந்தச் சிரிக்கிறவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதா?

நான்: ஒரு வருடம் எங்கும் போகமாட்டாராம் சித்தி.

சித்தி: நல்லது. நன்றாகத் தூங்கட்டும்.

தம்பி: மாமா, அமோரிம் ஆட்டம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பெரிய மாமா: மூன்று டிஃபெண்டரா?

தம்பி: பாருங்களேன் மாமா 🙏